வீடு வாங்கும் வணிகர் கேட்கும் சட்டக் கேள்விகள்

துவரம் பருப்பு நூறு மூட்டை எடுப்பதென்றால் நம் வியாபாரி எப்படி எடுப்பார் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக மூட்டையைக் குத்தி, சரக்கை உள்ளங்கையில் கொட்டி, நிறம் பார்த்து, வாயில் போட்டுக் கடித்து, ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகே விலையைப் பேசுவார். அதே வியாபாரி இருபது வருடச் சேமிப்பைப் போட்டு வீடு வாங்கும்போது, தரகர் நீட்டிய நான்கு ஜெராக்ஸ் தாள்களைப் புரட்டிவிட்டு, நல்ல நாள் பார்த்து அட்வான்ஸைக் கொடுத்துவிடுகிறார். கேட்டால், "பத்திரம் எழுதுகிறவர் பார்த்துக்கொள்வார், அப்புறம் ரிஜிஸ்தர் ஆபீஸ் இருக்கிறதே" என்கிறார். இந்த இரண்டு நம்பிக்கைகளும் சரியல்ல. ஏன் என்பதைத் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து இங்கே பார்ப்போம்.

"பத்திர எழுத்தர் பார்த்துக்கொள்ள மாட்டாரா?"

இங்கிலாந்தில் வீட்டுக் கிரய வேலைக்கென்றே உரிமம் பெற்ற 'கன்வேயன்சர்' என்ற தொழிலர் உண்டு. விற்பவரின் உரிமையை விசாரிப்பது முதல் பணத்தைக் கைமாற்றுவது வரை அவரே பொறுப்பு. அங்கே அரசு நிலப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் அந்த உரிமைக்கு அரசே உறுதி நிற்கும். நம் ஊரில் அப்படி ஒரே ஆள் இல்லை. அந்த வேலை பத்திர எழுத்தர், வக்கீல் என இருவரிடம் பிரிந்து கிடக்கிறது. வாங்குகிறவர் ஒருவரை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவரை விட்டுவிடுகிறார்.

பத்திர எழுத்தர் பதிவுத் துறையின் உரிமம் பெற்றவர். தமிழ்நாட்டில் இதற்கென 1982ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. இரு தரப்பும் சொல்வதைச் சட்ட வாசகத்தில் எழுதுவது, சொத்து விவரத்தையும் நான்கெல்லையையும் பிழையில்லாமல் சேர்ப்பது, முத்திரைத் தீர்வையைக் கணக்கிடுவது, பதிவுக்கு நேரம் வாங்கித் தருவது ஆகியவை அவர் வேலை. அவரைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமல்ல. ஒரே ஊரில் முப்பது வருடம் எழுதிய எழுத்தருக்கு அந்த ஊர் மனைகளின் சரித்திரமே தெரியும். ஆனாலும் விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்ந்து பொறுப்பேற்பது அவர் கடமை அல்ல. கடையில் பில் போடுகிறவர் சரக்கின் தரத்துக்குப் பொறுப்பாளி ஆவாரா? பெரும்பாலும் அவரை அழைத்து வருவதும் தரகர்தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சார்பதிவாளரும் அப்படித்தான். கையெழுத்திட்டவர் இன்னார்தானா, தாம் எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொள்கிறாரா, தீர்வை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். கே. கோபி வழக்கில் 2025 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், விற்பவரின் உரிமையை ஆராயும் அதிகாரத்தை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் பதிவு அதிகாரிக்குத் தரவில்லை என்று தெளிவாகக் கூறியது. ஆகவே பதிவான பத்திரம் என்பது, இன்னார் இன்னாருக்கு எழுதிக்கொடுத்தார் என்பதற்கு அத்தாட்சி. எழுதிக்கொடுக்க அவருக்கு உரிமை இருந்தது என்பதற்கு அல்ல.

எனவே வக்கீல் வேண்டும். அதுவும் நாம் அமர்த்திய வக்கீலாக, அந்த வட்டாரத்தில் சிவில் வழக்கு நடத்துபவராக இருப்பது நல்லது. வாய் வார்த்தையாக "பரவாயில்லை, வாங்கலாம்" என்பதை ஏற்காமல், எந்தெந்தப் பத்திரங்களைப் பார்த்தார், எது குறைகிறது என்று எழுத்தில் கருத்துரை வாங்க வேண்டும். குறைந்தது முப்பது வருடத் தொடர்ச்சியைப் பார்ப்பது வழக்கம். அடமானத்தை மீட்க வழக்குப் போடும் காலவரம்பு 30 ஆண்டு. அரசு வழக்குத் தொடுக்கும் காலவரம்பும் பொதுவாக 30 ஆண்டு. முப்பது வருடம் பழமையான பத்திரத்துக்குச் சாட்சியச் சட்டம் தனி மதிப்பும் தருகிறது. அந்தக் கணக்கு வந்த வழி இதுதான்.

"பேங்க் லோன் சாங்ஷன் ஆகிவிட்டது, அவர்கள் வக்கீல் பார்த்துவிட்டாரே" என்பார்கள். அந்த வக்கீல் பார்ப்பது வங்கிக்காக. கடன் திரும்பி வருமா என்பது வங்கியின் கவலை. வீடு கைவிட்டுப் போனாலும் தவணையைக் கேட்கத்தான் செய்வார்கள். அவர் கொடுத்த அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கி நம் வக்கீலிடம் காட்டலாம். அதையே நம் அறிக்கையாக எண்ணிவிடக் கூடாது.

"வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதே?"

நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இந்தத் தாளில்தான். எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வில்லங்கச் சான்று, குறிப்பிட்ட சர்வே எண்ணில், குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட அலுவலகத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல். இப்போது பதிவுத் துறையின் இணையதளத்திலேயே கட்டணமின்றிப் பார்க்க முடிகிறது. நல்ல வசதி. ஆனால் தேடியது தப்பான எண்ணாக இருந்தால் வில்லங்கம் ஏதுமில்லை என்றே வரும். நகரங்களில் பழைய சர்வே எண் ஒன்று, நகர அளவைக்குப் பின் வந்த எண் வேறொன்று, உட்பிரிவு இன்னொன்று, கதவு எண்ணும் இரண்டு மூன்று முறை மாறியிருக்கும். எல்லா எண்களிலும் தேட வேண்டும். சார்பதிவாளர் அலுவலகம் பிரிக்கப்பட்டிருந்தால், பிரியும் முன் இருந்த தாய் அலுவலகத்திலும் அந்தப் பழைய காலத்துக்குத் தேட வேண்டும்.

சரியாகத் தேடினாலும் பதிவாகாதது அதில் வராது. பதிவு செய்யாத உயில் சட்டப்படி செல்லும், அது வராது. தகப்பனார் இறந்து பிள்ளைகளுக்கு உரிமை வந்தது வராது. கோர்ட்டில் நடக்கும் பாகப் பிரிவினை வழக்கும் அதில் தெரியும் என்று சொல்ல முடியாது. வழக்கு நடக்கும்போது வாங்கிய சொத்து அந்த வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டது. இதற்கு மாவட்ட நீதிமன்றத்தின் இணையதளத்தில் விற்பவர் பெயர், அவர் சகோதரர் பெயர் என்று போட்டு வழக்கு உண்டா என்று தேடச் சொல்ல வேண்டும்.

நம் தொழிலுக்கு நெருங்கிய சங்கதி ஒன்று உண்டு. வியாபாரத்துக்கு ஓ.டி. வாங்க வீட்டுப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைப்பது நாமே செய்வதுதான். அவசரத்துக்கு மண்டிக்காரரிடமோ வட்டிக்குக் கொடுப்பவரிடமோ பத்திரத்தைக் கொடுத்து வைப்பதும் உண்டு. சென்னையிலும் அரசு அறிவிக்கை செய்த மற்ற ஊர்களிலும், கடனுக்கு ஈடாக மூலப் பத்திரத்தைக் கையில் கொடுத்தாலே அது அடமானம். ஒரு வரி எழுத வேண்டியதில்லை. எழுதினால் பதிய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் சட்டத் திருத்தம் இருக்கிறது. எழுதாமல் கொடுத்து வைத்தது வில்லங்கச் சான்றில் எப்படி வரும்? எனவே அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. "சர்டிபைடு காப்பி இருக்கிறது" என்பது பதில் ஆகாது. உரிய கட்டணம் கட்டினால் அந்த நகலை யாரும் வாங்கலாம், நீங்களும் வாங்கலாம். அசல் தொலைந்துவிட்டது என்று போலீஸ் சான்று காட்டினால் இரண்டு மடங்கு விசாரிக்க வேண்டும். வங்கிகளிடம் வைத்த அடமானங்களை 2011 முதல் 'செர்சாய்' என்ற மத்தியப் பதிவகத்தில் பதிகிறார்கள். சிறு கட்டணத்தில் அங்கேயும் தேடலாம். பழைய கடன் ஏதும் சான்றில் தெரிந்தால், அது தீர்ந்த ரசீதும் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடனைக் கட்டிவிட்டு ரசீதைப் பதியாமல் விட்டவர்கள் ஏராளம்.

"யார் யார் கையெழுத்துப் போட வேண்டும்?"

வைத்துக்கொள்வோம்: ஒருவர் சுயமாகச் சம்பாதித்து வீடு கட்டினார். உயில் எழுதாமல் இறந்தார். மனைவி, இரண்டு மகன்கள், கட்டிக்கொடுத்த ஒரு மகள், வயதான தாயார் இருக்கிறார்கள். மகன்கள் இருவரும் அம்மாவை அழைத்து வந்து விற்கிறார்கள். இதில் என்ன குறை? இந்து வாரிசுச் சட்டப்படி 1956 முதலே மனைவி, மகன், மகள், தாய் எல்லோரும் சம பங்காளிகள். மகளின் பங்கு ஐந்தில் ஒன்று. கல்யாணத்தில் நகையும் சீரும் செய்தோம் என்பதால் அந்தப் பங்கு தீராது. பதிவான விடுதலைப் பத்திரம் வேண்டும், அல்லது அவர் கிரயத்தில் கையெழுத்திட வேண்டும்.

எல்லோரும் மறப்பது இறந்தவரின் தாயாரை. அவருக்கும் ஐந்தில் ஒரு பங்கு. அந்த அம்மாள் பின்னால் உயில் எழுதாமல் காலமானால், அவர் பங்கு அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். அதாவது வீடு கட்டியவரின் அண்ணன் தம்பிகளும் அக்காள் தங்கைகளும் அந்த வீட்டில் பங்கு கேட்க வழி பிறக்கும். வாரிசுச் சான்றை வாங்கி, அதில் உள்ள ஒவ்வொரு பெயரும் கிரயப் பத்திரத்திலோ விடுதலைப் பத்திரத்திலோ இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக டிக் அடித்துப் பார்க்க வேண்டும். சரக்கு வந்து இறங்கும்போது பில்லை வைத்து டிக் அடிப்பது போலத்தான்.

பூர்வீகச் சொத்து என்றால் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் 25.3.1989 முதல் மணமாகாத மகள்களுக்குப் பிறப்புரிமை வந்தது. மத்தியச் சட்டத் திருத்தம் 9.9.2005 முதல் எல்லா மகள்களுக்கும் அதைக் கொடுத்தது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லிவிட்டது. 20.12.2004க்கு முன் பதிவுப் பத்திரம் மூலமோ கோர்ட் டிகிரி மூலமோ நடந்த பாகப்பிரிவினையைத் திருத்தம் தொடாது. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வாரிசு முறை வேறு. அதை வக்கீலிடம் தனியே கேட்க வேண்டும்.

தாத்தா பேரன் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதி வைத்த வீடுகள் நம் ஊர்களில் நிறைய. பேரன் மைனர் என்றால், தகப்பனாரே கார்டியனாக இருந்தாலும், கோர்ட் அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் அந்தப் பையன் மேஜராகி மூன்று வருடத்துக்குள் கிரயத்தை ரத்துச் செய்யக் கேட்கலாம். 'பையன் நன்மைக்காக, படிப்புச் செலவுக்காக' என்று பத்திரத்தில் எழுதிவிட்டால் போதும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம்.

"பட்டா அவர் பெயரில்தானே இருக்கிறது?"

பட்டா வருவாய்த் துறையின் கணக்கு. அது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது என்பதைக் கோர்ட்டுகள் பலமுறை சொல்லியிருக்கின்றன. பத்திரமும் பட்டாவும் ஒத்துப்போக வேண்டும். பரப்பளவில் வித்தியாசம் இருந்தால் அளந்து பார்க்க வேண்டும்.

கடைத்தெரு வீடுகளில் வேறொரு சிக்கல் உண்டு. மனை கோயிலுக்கு, மேலே உள்ள கட்டிடம் மட்டும் விற்பவருக்கு. மாதாமாதம் அடிமனை வாடகை கட்டிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் வாங்குவது செங்கலும் கதவும்தான், மண் அல்ல. விலை மட்டும் மண்ணுக்கும் சேர்த்துச் சொல்லப்படும். பத்திரத்தில் சொத்து விவரத்தைப் படிக்கும்போது 'மேல்கட்டுமானம்' என்ற சொல் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். கோயில் நிலம், வக்பு நிலம், புறம்போக்கு இவற்றைப் பதியவே தடை இருக்கிறது.

அங்கீகாரமில்லாத மனைப்பிரிவு என்றால், 20.10.2016க்குப் பிறகு முதல்முறையாக விற்கப்பட்டதா, வரன்முறை ஆணை இருக்கிறதா என்று கேளுங்கள். புதிய அடுக்குமாடி என்றால் ரெரா பதிவு எண். பதிவான ஒப்பந்தம் போடும் முன் கட்டுமானக்காரர் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது.

"அச்சாரமா, முன்பணமா?"

இந்த வித்தியாசம் நம்மவர்களுக்குப் புதிதல்ல. அச்சாரம் என்பது வார்த்தைக்கு உறுதி. முன்பணம் என்பது விலையில் ஒரு பகுதி. சட்டமும் அப்படியே பார்க்கிறது. சதீஷ் பத்ரா வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம்: அச்சாரமாகக் கொடுத்தது, வாங்குபவர் தவறினால் போய்விடும் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்தால் போய்விடும், வெறும் முன்பணம் திரும்ப வேண்டியதே. ஆகவே பத்து லட்சம் கொடுக்கும்போது, அதில் அச்சாரம் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். 'உரிமையில் குறை தெரிந்தால் முழுத் தொகையும் திரும்ப வேண்டும்' என்ற வரி ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த ஒரு வரிக்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் அதிலிருந்தே ஒரு சேதி தெரிகிறது.

தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் 2012 டிசம்பர் முதல் பதிய வேண்டும். பதியாத ஒப்பந்தத்தைக் கிரயம் முடித்துத் தரக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பது உண்மை. அது வழக்குக்கு உதவும். அதே வீட்டை இன்னொருவருக்கு விற்பதைத் தடுக்க உதவாது. பதிவானால் அடுத்தவர் எடுக்கும் வில்லங்கச் சான்றில் உங்கள் பெயர் நிற்கும்.

கெடு முடிவதற்குள் மீதிப் பணத்தோடு நீங்கள் தயாராக இருந்ததைக் காட்ட வேண்டும். அன்றைய தேதியில் வங்கிக் கணக்கில் பணம் இருந்தது, வக்கீல் மூலம் நோட்டீஸ் போனது என்ற இரண்டும் முக்கியம். "அவர் இழுத்தடித்தார், நானும் விட்டுவிட்டேன்" என்பவருக்குக் கோர்ட்டில் வேலை இல்லை. வழக்குப் போட மூன்று வருடம்தான்.

பவர் வைத்து விற்பவரிடம் வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்க வேண்டும், பவரை ரத்துச் செய்யாமல் இருக்க வேண்டும். முடிந்தால் அவரிடம் நேரில் பேசிவிடுங்கள். கிரயப் பத்திரமே இல்லாமல் பவரும் ஒப்பந்தமும் மட்டும் எழுதி வாங்கினால் வீடு உங்களுடையது ஆகாது என்று சூரஜ் லேம்ப் வழக்கில் 2011லேயே தீர்ப்பாகிவிட்டது.

"ரொக்கமாகக் கொடுத்தால் என்ன?"

கல்லாப் பணம் கையில் இருப்பதால் இந்தக் கேள்வி வருகிறது. வீடு, மனை கிரயத்துக்கு ரூ.20,000மும் அதற்கு மேலும் ரொக்கமாக முன்பணம் வாங்குவதை வருமான வரிச் சட்டம் 1.6.2015 முதல் தடுக்கிறது. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். அபராதம் விற்பவருக்குத்தானே என்று இருக்க வேண்டாம். பிரச்சினை வந்தால் கொடுத்ததையே அவர் மறுப்பார். நிரூபிக்க உங்களிடம் தாள் இருக்காது.

விலை ரூ.50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குகிற நீங்கள் 1 சதவீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். 60 லட்சத்துக்கு 60,000. விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது, பிடித்தம் மிக அதிகம். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் குடும்பங்களிடம் வாங்கும்போது ஆடிட்டரை முதலிலேயே கேட்க வேண்டும். வழிகாட்டி மதிப்பைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைத்து விலை காட்டினால், அந்த வித்தியாசம் உங்கள் வருமானமாகவே கணக்கிடப்படும் வாய்ப்பும் இருக்கிறது.

கடைப் பையன் பெயரில், கணக்குப்பிள்ளை பெயரில் வாங்குவது பினாமி. 2016இல் அந்தச் சட்டம் கடுமையாகிவிட்டது, சொத்தே பறிபோகும். மனைவி பெயரில் கணக்கில் வந்த பணத்தைக் கொண்டு வாங்குவதற்குத் தடை இல்லை.

"செலவு எவ்வளவு ஆகும்?"

2023 ஏப்ரலில் வந்த மாற்றப்படி முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சம் மதிப்புக்கு 2,80,000மும் 80,000மும், ஆக 3,60,000. 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 1.4.2025 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. வேறு பேச்சு இல்லாவிட்டால் தீர்வை வாங்குபவர் செலவு. இதற்கு முன்னால் வக்கீலுக்குக் கொடுக்கும் தொகை ஒரு லோடு சரக்கின் ஏற்றுக்கூலி இறக்குக்கூலி அளவுக்குக்கூட இருக்காது. அதைத்தான் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறோம்.

கையெழுத்திட்ட பத்திரத்தை நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். பதிவு முடிந்ததும் அசல் பத்திரங்கள் எல்லாவற்றையும் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கி எண்ணிப் பெறுங்கள். பிறகு பட்டா, வீட்டு வரி, தண்ணீர் வரி, மின் இணைப்பு ஆகியவற்றில் பெயர் மாற்ற வேண்டும். பழைய உரிமையாளர் வைத்த மின் பாக்கியைப் புதியவரிடம் கேட்க விதிகளில் இடமுண்டு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டதால், கடைசி ரசீதைக் கிரயத்துக்கு முன்பே கேட்டு வாங்க வேண்டும். முன் அறையில் கடை போடும் எண்ணம் இருந்தால், அந்தப் பகுதிக்கு வணிகக் கட்டணத்தில் தனி இணைப்புக்கு மனுக் கொடுத்துவிடுங்கள். வீட்டு இணைப்பில் கடைக்கு விளக்குப் போட்டதற்கு அபராதம் கட்டியவர்கள் ஒவ்வொரு கடைத்தெருவிலும் இருக்கிறார்கள்.